களைக்கொல்லி தெளித்த பிறகு புல்தரையில் என்ன எதிர்பார்க்கலாம்?

உங்கள் கேள்வியின் சுருக்கம் இது: புல்தரையில் களைக்கொல்லி தெளித்து 6 நாள் ஆகிவிட்டது, அகன்ற இலைக் களைகள் முறுக்கிக்கொண்டு கோணலாக நிற்கின்றனவே தவிரச் சாகவில்லை, கோரை ஒன்றுமே நடக்காததுபோல் பச்சையாக இருக்கிறது, நல்ல புல்லோ சில இடங்களில் மஞ்சளாகத் தெரிகிறது, மருந்து வேலை செய்யவில்லை என்று கொண்டு இன்னொரு முறை தெளித்துவிடலாமா, குழந்தைகளை எப்போது விளையாட விடலாம் என்று கேட்கிறீர்கள். இதற்குள் நீங்கள் வெளிப்படையாகக் கேட்காத இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது. களை செத்த பிறகு அது நின்ற இடத்தில் எது வரும் என்பதுதான் அது. புல்தரைகளையும் விளையாட்டுத் திடல்களையும் பராமரிக்கும் வேலையிலேயே பல ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: களையைச் சாகடிப்பதில் தோற்றவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை, அது செத்த பிறகு வரும் 2 மாதங்களில் தோற்றவர்கள் மிகப் பலர்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இப்போது மறுபடியும் தெளிக்காதீர்கள். மருந்தின் பெயரை நீங்கள் எழுதவில்லை என்றாலும், அகன்ற இலைக் களை முறுக்கிக்கொள்வதும் புல் பெரும்பாலும் பச்சையாகவே நிற்பதும் சேர்ந்து வருவதால், நீங்கள் தெளித்தது 2,4-டி, டைகாம்பா, எம்சிபிஏ, மெகோப்ராப், ட்ரைக்ளோபிர் ஆகியவற்றில் ஒன்றாகவோ அவற்றின் கலவையாகவோதான் இருக்க வேண்டும். இவை எல்லாம் ஒரே குடும்பம். செடியின் வளர்ச்சியை நடத்துவது ஆக்சின் என்ற இயற்கை ஊக்கி. இந்த மருந்துகள் அந்த ஆக்சினைப் போலவே நடிக்கின்றன. செடி தன் சொந்த ஆக்சினைத் தேவைக்கேற்பக் கூட்டவும் குறைக்கவும் வல்லது; வெளியிலிருந்து வந்த இந்தப் போலியை அதனால் அவ்வளவு எளிதில் சிதைக்க முடிவதில்லை. அதனால் தண்டின் ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிட வேகமாக நீள்கிறது, இலைக்காம்பு கீழ்நோக்கி வளைகிறது, உள்ளே நீரையும் உணவையும் கொண்டுபோகும் குழாய்கள் தாறுமாறான வளர்ச்சியில் நசுங்கிப்போகின்றன. நீங்கள் பார்க்கும் முறுக்கல், மருந்து செடிக்குள் போய்விட்டது என்பதற்குக் கிடைக்கக்கூடிய மிகத் தெளிவான சான்று. புல் தப்பிப்பதற்குக் காரணம், அது இந்த மருந்தை உடலுக்குள் அதிகம் பரவ விடாமல் சிதைத்துவிடுவதும், அதன் வளர்முனை தரையை ஒட்டி இலையுறைகளுக்குள் ஒளிந்திருப்பதும்தான்.

கால அளவு பெரும்பாலும் இப்படித்தான் போகும். தெளித்த சில மணி நேரத்திலிருந்து 2 நாளுக்குள் முறுக்கல் தொடங்கும். முதல் வாரத்தின் இறுதியில் இலைகள் வெளுக்கவோ மஞ்சளாகவோ தொடங்கும். 2 வாரத்தில் இலைகள் பழுப்பாகிச் சுருங்கும். முழுச் சாவுக்கு 3 முதல் 4 வாரம் ஆகலாம். இளஞ்செடி முன்னதாகவே போய்விடும், முதிர்ந்த ஆணிவேர்ச் செடி கடைசி வரை இழுத்துப்பிடிக்கும். சில கலவைகளில் கார்ஃபென்ட்ராசோன் என்ற இன்னொரு மருந்தைச் சிறிதளவு சேர்த்திருப்பார்கள். அது இலையை ஓரிரு நாளிலேயே கருக்கிவிடும் என்பதால், தெளித்தவருக்குப் பலன் உடனே கிடைத்தது போன்ற நிறைவு வரும். ஆனால் வேரைக் கொல்லும் வேலை அப்போதும் மெதுவாகத்தான் நடக்கிறது. குளிர்ந்த பருவத்தில் எல்லாமே ஒரு வாரம் தள்ளிப்போகும். நீரின்றி வாடிக்கிடந்த களைமீது தெளித்திருந்தால் மருந்து சரியாக உள்ளே போயே இருக்காது; வாடிய செடியின் இலைமேல் மெழுகு தடித்திருக்கும், உள்ளோட்டமும் மந்தமாக இருக்கும்.

இந்த மெதுவான சாவை நீங்கள் குறையாக எண்ண வேண்டாம். ஊடுருவிப் பாயும் மருந்து, இலையில் தயாராகும் சர்க்கரை வேருக்கு இறங்கும் அதே வழியில்தான் வேரை அடைகிறது. இலை உயிரோடு இருந்து சர்க்கரையைக் கீழே அனுப்பிக்கொண்டிருக்கும் வரைதான் அந்த வழி திறந்திருக்கும். பரிந்துரைத்ததைவிட அதிக அளவில் கலந்து தெளித்தாலோ, 6 நாளில் மறுபடி தெளித்தாலோ, இலை கருகி வழி அடைபடும். மேலே செத்ததுபோல் தெரிந்து, 5 வாரம் கழித்து அதே வேரிலிருந்து நான்கு தளிர்கள் கிளம்பும். ‘கொஞ்சம் கூடுதலாக ஊற்றினால் சீக்கிரம் சாகும்’ என்ற எண்ணம்தான் இந்த வேலையில் நான் அதிகம் திருத்த வேண்டியிருந்த எண்ணம். அளவைக் கூட்டினால் புல்லுக்குக் கேடு நிச்சயம். களைக்குச் சில சமயம் நன்மையாகவே முடிந்துவிடுகிறது.

உண்மையில் செத்ததா இல்லையா என்பதை இலையின் நிறத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. வேரின் தலைப்பகுதியைப் பார்க்க வேண்டும். 3 வாரம் கழிந்ததும் ஒரு களையைத் தேர்ந்தெடுத்து, அதைச் சுற்றி மண்ணைக் கையால் கொஞ்சம் விலக்குங்கள். இலைகள் எல்லாம் சேரும் அந்த முடிச்சைக் கட்டைவிரல் நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக, மொறுமொறுப்பாக, ஈரம் கசிந்தால் அது உயிரோடு இருக்கிறது. பழுப்பாகக் கொழகொழத்தோ நாராக உலர்ந்தோ இருந்தால் கதை முடிந்தது. ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாமல், வெயில் படும் இடத்தில் இரண்டு, நிழலில் இரண்டு, ஓரத்தில் இரண்டு என்று பாருங்கள். ஓரங்களில்தான் தெளிப்பு பெரும்பாலும் குறைவாக விழுந்திருக்கும். இப்போதே ஆவலில் பிடுங்கிப் பார்க்கவும் வேண்டாம். டாண்டேலியன் போன்ற ஆணிவேர்க் களையைப் பாதி செத்த நிலையில் இழுத்தால் மேற்பகுதி அறுந்து கையோடு வரும். மருந்து போய்ச் சேராத கீழ்த்துண்டு மண்ணிலேயே தங்கி, அதிலிருந்து புதுச் செடி கிளம்பும்.

4 வாரத்துக்குப் பிறகும் உயிரோடு இருப்பவற்றுக்கு இரண்டாம் முறை தெளிக்கலாம். ஆனால் முழுப் புல்தரைக்கும் வேண்டியதில்லை, எஞ்சிய செடிகளின்மேல் மட்டும் போதும். ஒரு பருவத்தில் எத்தனை முறை, எத்தனை நாள் இடைவெளியில் என்று லேபிளில் எழுதியிருப்பதே வரம்பு. அதைத் தாண்ட எந்த அனுபவமும் உரிமை தராது. வெயில் 30 டிகிரி செல்சியசைத் தாண்டும் நாள்களில் இந்த மருந்துகளைத் தெளிக்காதீர்கள். இவற்றில் எஸ்டர், அமீன் என்று இரண்டு வேதி வடிவங்கள் உண்டு, எது என்று லேபிளில் இருக்கும்; எஸ்டர் வடிவில் உள்ளவை அந்த வெப்பத்தில் ஆவியாகிப் பக்கத்துச் செடிகளுக்குப் போகும். புல்லும் அந்த வெப்பத்தில் எளிதில் காயப்படும்.

கோரைக்கு வருகிறேன். அது அகன்ற இலைச் செடியும் இல்லை, புல்லும் இல்லை, தனிக் குடும்பம். சந்தேகம் இருந்தால் அதன் தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பாருங்கள்: புல்லின் தண்டு உருண்டையாக உருளும், கோரையின் தண்டு மூன்று பட்டையாகத் தட்டுப்படும். 2,4-டி வகை மருந்துகள் அதை ஏறக்குறைய ஒன்றும் செய்வதில்லை. ஆகவே கோரை பச்சையாக நிற்பதை வைத்து உங்கள் தெளிப்பு தோற்றது என்று முடிவு கட்டாதீர்கள். அந்த மருந்து அதற்கானதே இல்லை. அதற்கென்று ஹாலோசல்ஃப்யூரான் போன்ற மருந்துகள் இருக்கின்றன. அவை செடிக்குத் தேவையான சில அமினோ அமிலங்கள் உருவாவதைத் தடுத்துப் பட்டினி போட்டுக் கொல்பவை என்பதால் இன்னும் மெதுவானவை. முதல் வாரத்தில் வளர்ச்சி நின்றதே தவிர வேறு எதுவும் கண்ணுக்குத் தெரியாது, மஞ்சளாவதற்கே 2 வாரம் ஆகும். கோரையில் உண்மையான எதிரி மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு. கோரைக்கிழங்குகள் வேர்த்தண்டால் சங்கிலி போலக் கோக்கப்பட்டிருக்கும். முன்னால் இருக்கும் கிழங்கு முளைத்து நிற்கும் வரை பின்னால் இருப்பவற்றில் பல உறங்கிக்கொண்டிருக்கும். நீங்கள் கையால் வெடுக்கென்று பிடுங்கினால் சங்கிலி அறுந்து, உறங்கியவை தனித்தனியாக விழித்துக்கொள்ளும். ஒன்றைப் பிடுங்கிய இடத்தில் மூன்று வந்ததாகப் பலர் சொல்வது வெறும் மனப்பிரமை இல்லை. எனவே கோரைக்கு ஒரே பருவத்தில் தீர்வு கிடைக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது; 2 அல்லது 3 பருவம் விடாமல் பார்த்தால் நன்றாகக் குறையும் என்பதே என் அனுபவம்.

புல் மஞ்சளானது பற்றி நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் மஞ்சளின் வடிவத்தைக் கவனித்தால் நீங்களே காரணத்தைக் கண்டுபிடித்துவிடலாம். பரப்பு முழுவதும் இலைநுனிகள் மட்டும் லேசாக வெளுத்திருந்தால் அது மருந்தின் தற்காலிகமான அழுத்தம். 2 அல்லது 3 வாரத்தில் புது இலை வந்து மறைந்துவிடும். நேர்க்கோட்டுப் பட்டைகளாக இருந்தால், நடந்து தெளிக்கும்போது ஒரு வரிசையின்மேல் அடுத்த வரிசை விழுந்து அங்கே இரட்டை அளவு மருந்து போயிருக்கிறது. தெளிப்பானை நிரப்பிய இடத்திலோ சற்று நின்று பேசிய இடத்திலோ வட்டமாகக் கருகியிருந்தால் அங்கே மருந்து சொட்டியிருக்கிறது. மஞ்சளாகத் தெரியும் திட்டு உண்மையில் புல்லே இல்லாமல், சாகும் களைக்கூட்டமாகவே இருப்பதும் உண்டு. குனிந்து இலையைப் பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். புல்லின் வகையும் முக்கியம். செயின்ட் அகஸ்டின், சென்டிபீட் ஆகிய புல்வகைகள் 2,4-டியை நன்றாகத் தாங்குவதில்லை. அருகம்புல் வகைகள் வழக்கமான அளவைத் தாங்கும் என்றாலும் ட்ரைக்ளோபிர் பட்டால் வெளுத்துக் காயப்படும். விதைத்துச் சில வாரமே ஆன இளம் புல் எதையும் தாங்காது.

பாதச் சுவடு வடிவத்தில் மஞ்சள் தெரிந்தால் அது வேறு கதை, அதை நான் ஒருமுறை நேரிலேயே பார்த்தேன். நடைபாதை ஓரத்தில் இருந்த எல்லாச் செடிகளையும் அழிக்க கிளைபோசேட் தெளித்துக்கொண்டிருந்தபோது, ஈரம் காயாத அந்த ஓரத்தை மிதித்துவிட்டுத் தரையின் குறுக்கே நீர்க்குழாய் வரைக்கும் நடந்துபோனேன். அன்று ஒன்றும் தெரியவில்லை. 9 நாள் கழித்து, ஒரு சீரான பச்சைத் தரையின் நடுவே, இடதும் வலதுமாக, குதிகாலும் விரல்பக்கமும் பிரித்துத் தெரியும்படி வெளிர்மஞ்சள் சுவடுகள் வரிசையாக எழுந்து நின்றன. குழாயை நெருங்க நெருங்க ஒவ்வொரு சுவடும் முந்தையதைவிட மங்கலாக இருந்தது. புல் அந்த இடங்களில் முழுவதும் செத்துத்தான் மீண்டும் மூடியது. அன்றிலிருந்து அந்த மருந்தை எடுக்கும் நாளில் ஈரம் காயும் வரை காலை வேறெங்கும் வைப்பதில்லை. அதற்கென்று தனித் தெளிப்பான் ஒன்றை ஒதுக்கி, அதன்மேல் பெரிய எழுத்தில் எழுதியும் வைத்திருக்கிறேன். ஒரே தெளிப்பானை இரண்டுக்கும் பயன்படுத்துகிறீர்கள் என்றால், அடுத்த முறைக்குள் இன்னொன்று வாங்கிவிடுங்கள்.

நீங்கள் தெளித்தது வேறு வகை மருந்தாக இருந்தால் எதிர்பார்ப்பும் மாறும். கிளைபோசேட் என்றால் 1 முதல் 2 வாரத்தில் களையோடு புல்லும் மஞ்சளாகிச் சாகும். அங்கே காத்திருப்பதில் பயனில்லை, மறுநடவுக்குத் திட்டமிட வேண்டியதுதான். இலையை மட்டும் எரிக்கும் தொடு மருந்துகளும் அடர்த்தியான வினிகரும் ஒரே நாளில் கருக்கிக் காட்டும், வேரைத் தொடாது. பல்லாண்டுக் களை சில வாரத்தில் திரும்பும். பாசிக்கு இரும்பு சல்ஃபேட் போட்டிருந்தால் பாசி சில மணி நேரத்திலிருந்து சில நாளுக்குள் கறுத்துவிடும், புல் இன்னும் கரும்பச்சையாகும். கல் தளத்தில் சிந்தினால் துருக்கறை படியும். பென்டிமெத்தலின், புரோடயமின் போன்று முளைப்பதற்கு முன் போடும் மருந்து என்றால் நிற்கும் களையில் ஒரு மாற்றமும் வராது, வரவும் கூடாது. அது விதையிலிருந்து புறப்படும் இளவேரை மட்டும் தடுக்கிறது. அதன் பலனை, இனி முளைக்காமல் போகும் செடிகளைக் கொண்டுதான் அளக்க முடியும்.

மழை, வெட்டு, நீர் ஆகிய மூன்றும் தெளித்த முதல் சில நாளில்தான் முக்கியம், நீங்கள் அதைக் கடந்துவிட்டீர்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். எஸ்டர் வடிவம் ஓரிரு மணி நேரத்தில் இலைக்குள் போய்விடும், அமீன் வடிவத்துக்குக் கூடுதல் நேரம் வேண்டும். முதல் நாள் முழுவதும் நீர் விடாமல் இருப்பது எல்லாவற்றுக்கும் பொருந்தும். தெளிப்பதற்கு 2 நாள் முன்பும் பின்பும் புல் வெட்டக் கூடாது. முன்பு வெட்டினால் மருந்தை வாங்கிக்கொள்ள இலை இருக்காது, பின்பு வெட்டினால் வாங்கிய மருந்து வேருக்கு இறங்குவதற்குள் வெட்டுண்டு போகும். இப்போது நீங்கள் வெட்டலாம், நீரும் விடலாம்.

குழந்தைகள், செல்லப் பிராணிகள் பற்றி: பெரும்பாலான லேபிள்கள் தெளிப்பு முழுவதும் காயும் வரை யாரையும் உள்ளே விடக் கூடாது என்கின்றன, குருணையாகத் தூவியிருந்தால், நீர் விட்டுக் கரைந்து தரை மறுபடி காயும் வரை. இது குறைந்தபட்சம். தவழும் குழந்தையும் புல்லை மெல்லும் நாயும் உள்ள வீட்டில் நான் 2 நாளாவது காத்திருக்கச் சொல்வேன், முடிந்தால் அதற்குள் ஒருமுறை நீர் விட்ட பிறகு. காலணியோடு மருந்து வீட்டுக்குள் வருவதையும் மறக்கக் கூடாது; வாசலிலேயே கழற்றிவிடுங்கள். இதில் உறுதியானதையும் விவாதத்தில் இருப்பதையும் பிரித்துச் சொல்வது என் கடமை. ஈரமான மருந்து தோலிலும் கண்ணிலும் படக் கூடாது என்பது உறுதி. 2,4-டி உயிர்ப்புள்ள மண்ணில் ஓரிரு வாரத்துக்குள் பாதியாகக் குறையும் என்பதும் நன்றாக அறியப்பட்டது. நீண்டகாலப் பாதிப்பில் கருத்துகள் ஒன்றுபடவில்லை: உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2015ஆம் ஆண்டில் 2,4-டியை ‘புற்றுநோயை உண்டாக்கக்கூடும்’ என்ற பிரிவிலும், கிளைபோசேட்டை அதைவிட ஒரு படி மேலான பிரிவிலும் வைத்தது, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, லேபிளின்படி பயன்படுத்தினால் கிளைபோசேட் அத்தகைய ஆபத்தைத் தருவதற்கான வாய்ப்பில்லை என்று கருதியது. நான் ஆராய்ச்சியாளன் இல்லை. கையுறையும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் தெளிப்பதில்லை, தேவையில்லாத இடத்தில் தெளிப்பதே இல்லை என்பதுதான் இதற்கு என் சொந்த விடை.

பலர் கவனிக்காமல் விடுவது வெட்டிய புல்லை. தெளித்த பிறகு வரும் முதல் மூன்று நான்கு வெட்டின் புல்லைத் தரையிலேயே விட்டுவிடுங்கள். காய்கறிப் பாத்திக்கு மூடாக்காகப் போடாதீர்கள், மட்கு உரக் குவியலிலும் சேர்க்காதீர்கள். தக்காளிச் செடி இந்த மருந்துகளுக்கு மிக மென்மையானது. இம்மியளவு போனாலும் புது இலை அகலமாகாமல், பெரணி இலை போலக் குறுகி, விளிம்பு சுருண்டு, நரம்புகள் நெருங்கிப்போய் வெளிவரும். லேபிளில் க்ளோபைராலிட், அமினோபைராலிட் என்ற பெயர்கள் இருந்தால் இன்னும் கவனம் தேவை. இவை மட்கிய பிறகும் சிதையாமல் நிலைத்திருக்கும். அந்தப் புல்லைத் தின்ற மாட்டின் சாணத்தின் வழியாகவும் தோட்டத்துக்கு வந்து சேரும். ஏற்கெனவே குவியலில் போட்டுவிட்டீர்கள் என்றால், அந்த உரத்தைத் தொட்டியில் நிரப்பி நான்கைந்து பீன்ஸ் விதை ஊன்றி 3 வாரம் பாருங்கள். மூன்றாம் நான்காம் இலை முறுக்கில்லாமல் விரிந்தால் பயன்படுத்தலாம்.

இனி, நீங்கள் கேட்காத கேள்வி. நான்காம் வாரத்தில் உங்கள் தரை இப்போது இருப்பதைவிட அசிங்கமாக இருக்கும். களை அடர்ந்திருந்த இடமெல்லாம் பழுப்புத் திட்டாகி, பிறகு வெறும் மண்ணாகும். தெளித்தவர்கள் மனமுடைவது அப்போதுதான். அந்த வெற்றிடத்தை உங்கள் புல் தானாக மூடுமா என்பது அதன் இயல்பைப் பொறுத்தது. அருகு போல ஓடுகொடியால் பரவும் புல் என்றால், வளரும் பருவத்தில் உள்ளங்கை அகலத் திட்டைச் சில வாரத்தில் மூடிவிடும். டால் ஃபெஸ்க்யூ போலக் கொத்தாக நிற்கும் புல் நகராது. விதைதான் போட வேண்டும். 2,4-டி கலவைகளுக்குப் பிறகு விதைக்கப் பெரும்பாலும் 3 முதல் 4 வாரம் காத்திருக்க வேண்டும். முளைப்பதற்கு முன் போடும் மருந்து போட்டிருந்தால் அது நீங்கள் விதைக்கும் புல்லையும் சேர்த்தே தடுக்கும், சில மாதம் பொறுக்க வேண்டும். செத்த களையை அள்ளி, மேல்மண்ணை விரற்கடை ஆழம் மட்டும் கிளறி, விதை மண்ணோடு ஒட்டும்படி மிதித்து, முளைக்கும் வரை மேற்பரப்பு காயாமல் சிறிது சிறிதாக நீர் விடுங்கள். புதுப் புல்லை மூன்று நான்கு முறை வெட்டிய பிறகுதான் அடுத்த களைக்கொல்லியை நினைக்கலாம்.

ஆழமாகக் கொத்த வேண்டாம் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. மண்ணுக்குள் களை விதைகள் ஆண்டுக்கணக்கில் உறங்குகின்றன. அவற்றில் பலவற்றை எழுப்புவது ஒளி. 1879ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் ஜேம்ஸ் பீல் என்ற தாவரவியலாளர் களை விதைகளை ஈரமணலோடு கலந்து 20 கண்ணாடிக் குப்பிகளில் போட்டுப் புதைத்துவைத்தார், எத்தனை ஆண்டு உயிரோடு இருக்கும் என்று பார்ப்பதற்காக. அவருக்குப் பின் வந்தவர்கள் குறித்த இடைவெளிகளில் ஒவ்வொரு குப்பியாகத் தோண்டி எடுக்கிறார்கள். 2021ஆம் ஆண்டில், 142 ஆண்டுக்குப் பிறகு எடுத்த குப்பியிலும் வெர்பாஸ்கம் என்ற களையின் விதைகள் முளைத்தன. எல்லா விதையும் அப்படி இல்லை, பெரும்பாலானவை மிக முன்னதாகவே செத்துவிட்டன. ஆனாலும் நீங்கள் தெளித்த மருந்து நின்றிருந்த செடிகளை மட்டுமே தொட்டது, மண்ணுக்குள் இருக்கும் சேமிப்பைத் தொடவில்லை என்பதை இது காட்டுகிறது. வெறும் மண்ணில் வெயில் விழுந்ததும் அடுத்த தலைமுறை முளைக்கும். 5 அல்லது 6 வாரத்தில் இரட்டை இலையோடு குட்டிச்செடிகள் தெரிந்தால் மருந்து தோற்றதாக எண்ணாதீர்கள். அவை புதியவை. அந்தப் பருவத்தில் கையால் எடுத்தால் வேரோடு வந்துவிடும்.

கடைசியாக, அந்த இடத்தில் களை ஏன் வென்றது என்று பாருங்கள். முந்தைய நாள் நீர் விட்ட தரையில் ஒரு நீளமான திருப்புளியைக் கையால் அழுத்துங்கள். புல் நன்றாக இருக்கும் இடத்தில் சட்டென்று இறங்கும், களை மண்டிய இடத்தில் பாதியிலேயே நின்றுவிட்டால் மண் இறுகியிருக்கிறது, துளையிட்டுக் காற்றோட்டம் தர வேண்டும். க்ளோவர் என்ற மூவிலைக் களை அதிகம் என்றால் மண்ணில் தழைச்சத்துக் குறைவு. க்ளோவர் காற்றிலிருந்து தானே தழைச்சத்தை ஈட்டிக்கொள்ளும், புல்லால் முடியாது. கோரை ஒரே மூலையில் கூட்டமாக இருந்தால் அங்கே நீர் தேங்குகிறதா, குழாய் கசிகிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும்விட வெட்டும் உயரம். ஒரே வெட்டில் இலையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். உங்கள் புல்வகைக்குச் சொல்லப்பட்ட உயரத்தின் மேல் எல்லையிலேயே புல்வெட்டியை வையுங்கள். உயர்ந்த புல்லின் நிழலில் களை விதைக்கு ஒளி கிடைப்பதில்லை. உரத்தை இன்னும் 2 வாரம் தள்ளிப்போடுங்கள். மஞ்சள் மறைந்து புது இலை வந்த பிறகு பாதி அளவில் தொடங்கலாம். 21ஆம் நாள் நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, எத்தனை செத்தன, எத்தனை நிற்கின்றன என்று மருந்தின் பெயரோடு எழுதினால், இரண்டாம் தெளிப்பு தேவையா என்பதை அப்போது என்னால் இன்னும் தெளிவாகச் சொல்ல முடியும்.